ஒரு செம்பு உப்புத் தண்ணீர்

திருச்சுழி சாலையிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர் சமதளமாகத்தான் தெரியும். மேற்கே செம்மண், கிழக்கே கரிசல். நடுவிலிருக்கும் சரிவு கண்ணுக்குத் தட்டுப்படாது. மழைத் தண்ணீருக்குத் தெரியும். செம்மண் மேட்டிலிருந்த ஊருணியில் நல்ல தண்ணீர். கரிசல் கிணறுகளில் உப்பு. எங்கள் வீடு கரிசலில் இருந்தது.

சித்தப்பாவுக்கு வந்த இரண்டு சம்பந்தங்கள் தண்ணீரால் தட்டிப்போயின. மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் பெண் வீட்டார் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கேட்பார்கள். குடித்ததும், "கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று பஸ் ஏறிவிடுவார்கள். மூன்றாவதாகக் காரியாபட்டியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்த அன்று, அம்மா ஊருணியிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்தாள்.

"கேட்டா, நம்ம கிணத்துத் தண்ணின்னு சொல்லணும். தொட்டே, கைய ஒடிச்சுருவேன்."

எனக்கு எட்டு வயது. எட்டிப் பார்க்கத்தான் செய்தேன். குடத்துக்குள் வேப்பங்கிளையும், அதற்கும் கீழே வெகு ஆழத்தில் வானமும் இருந்தன. அந்த ஆழத்தைத் தொட முழங்கை வரை கையை விட்டேன். குடம் சாய்ந்தது. கோடை வெடிப்புகளுக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. தரையில் காதை வைத்தேன். யாரோ குடித்து முடித்து மூச்சு விடுவது போலிருந்தது. பயம் பிறகுதான் வந்தது. கிணற்றில் இறைத்துக் குடத்தை நிரப்பி வைத்தேன்.

வந்தவர்கள் ஐந்து பேர். செம்பு கைமாறி ஐவரும் குடித்தார்கள். அப்பா, மனப்பாடம் செய்திருந்தபடி, "எல்லாம் நம்ம கிணத்துத் தண்ணிதாங்க" என்றார்.

"அது நாக்குலயே தெரியுது" என்றார் பெண்ணின் பெரியப்பா. "போன மாசம் ஒரு வீட்ல ஊருணித் தண்ணிய வச்சுக்கிட்டு, கெணறுன்னு அளந்தாக. நீங்க ஒளிக்கல. நம்பிப் பொண்ணு குடுக்கலாம்."

அப்பா செம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, குடத்தை எட்டிப் பார்த்தார். சித்தப்பா என் காதோரம் குனிந்தார். "ஏ கழுத, ஒன் வேலதான?"

ஐப்பசியில் கல்யாணம். சித்தியைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று வெகுநாள் பெருமையோடு திரிந்தேன். அவளோடு ஊருணிக்குப் போவேன். போகும்போது ஏற்றம், வெறுங்குடம்; வரும்போது இறக்கம், நிறைகுடம். மண்ணே நமக்காகச் சாய்ந்து கொடுத்திருக்கிறது என்று தோன்றும். இறக்கத்தில் சித்தி காலைப் பக்கவாட்டில் ஊன்றி ஊன்றி நடப்பாள். விளையாட்டென்று நானும் அப்படியே நடப்பேன்.

இப்போது தெருவில் குழாய் இருக்கிறது. அத்தனை வருஷம் குடம் சுமந்த சித்தி சுவரைப் பிடித்துத்தான் படி இறங்குகிறாள்.

அன்று அந்தத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன ஐந்து பேரில் அவள் இல்லை.