ச, ரி, ஜார்ஜியா

1. பட்டன், பட்டன், பட்டன்

நாவலூரில் நான் வேலை பார்த்த கம்பெனி, பாட்டு ரெகார்டிங் செய்வதற்கான சாஃப்ட்வேர் தயாரித்தது. பாடுவதைப் பதிவு செய்யலாம், வெட்டலாம், ஒட்டலாம், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நான் டெஸ்டிங் டீமின் லீட். டெஸ்டிங் என்றால் மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குவது. "உனக்குன்னே செஞ்ச வேலை" என்பார் என் கணவர்.

ஒரு நாள் மேனேஜர் பிரகாஷ் என் சீட்டுக்கு வந்து நின்றார். அவர் நடந்து வந்தாலே ஏதோ ஒரு வேலை யார் தலையிலாவது விழப்போகிறது என்று அர்த்தம்.

"மேடம், ஒரு கஸ்டமர் மெயில் மேல மெயில் போடறார். கண் பார்வை இல்லாதவராம். ஸ்கிரீன் ரீடர் வெச்சு நம்ம சாஃப்ட்வேரை யூஸ் பண்ண முடியலைங்கறார். உங்க ஏரியாதான், சேலையூர். சனிக்கிழமை காய்கறி வாங்கப் போறப்ப அப்படியே ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்களேன்."

"காய்கறி எங்க வீட்டுக்காரர்தான் வாங்குவார், பிரகாஷ். பரவாயில்லை, போறேன்."

ஸ்கிரீன் ரீடர் என்பது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் சாஃப்ட்வேர். அதைப் பற்றிப் படித்திருந்தேன். ஒருவர் அதை வைத்து வேலை செய்வதை அதுவரை பார்த்ததில்லை.

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில் மாடி வீடு. மெயில் போட்டவர் பெயர் ஜெயசீலன். முப்பத்தைந்து வயதிருக்கும். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர், கர்நாடக சங்கீதமும் முறையாகக் கற்றவர். அவர் மனைவி ஸ்டெல்லா ஸ்கூல் டீச்சர். காபி கொடுத்துவிட்டு, பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

ஜெயசீலன் எங்கள் சாஃப்ட்வேரைத் திறந்தார். மானிட்டர் அணைந்தே கிடந்தது. மவுஸைத் தொடவில்லை. கீபோர்டில் டேப் கீயைத் தட்டத் தட்ட ஸ்கிரீன் ரீடர் சொன்னது: "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்."

"கேட்டீங்களா அக்கா? இதான் உங்க சாஃப்ட்வேர் என்கிட்ட பேசற அழகு."

எங்கள் பட்டன்களில் எல்லாம் படம்தான் இருந்தது. சிவப்பு வட்டம், கத்தரிக்கோல், குப்பைத்தொட்டி. கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். அவற்றுக்கு ஒரு பெயர் எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெயரில்லாததை ஸ்கிரீன் ரீடர் என்னவென்று கூப்பிடும்?

"அப்ப இத்தனை நாள் எப்படி சமாளிச்சீங்க?"

"எண்ணித்தான். எத்தனாவது பட்டன் ரெகார்டுன்னு மனப்பாடம். போன அப்டேட்ல நடுவுல ஒரு புது பட்டனைச் சொருகிட்டீங்க. நான் ரெகார்டுன்னு நெனைச்சு அழுத்தறேன், அது டெலிட். முழு கொயர் பாட்டும் போச்சு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

அவசரம் வேறு இருந்தது. நாவலூர் பக்கம் ஆன்லைனில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று, எங்கள் சாஃப்ட்வேரிலேயே பாடங்களை எடிட் செய்ய ஆள் தேடியது. ஜெயசீலனின் காதைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை.

"எடிட் வேலைன்னா இதுவரைக்கும் என் மச்சான் பக்கத்துல உக்காந்து க்ளிக் பண்ணுவான், நான் சொல்லுவேன். அவங்க, 'கூட ஆள் இல்லாம தனியா செஞ்சு காட்டுங்க, பாக்கலாம்'னுட்டாங்க. அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. வெளிய போய் செய்யற முதல் நல்ல வேலைக்கா இது. விட மனசில்ல."

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு வந்த கோபத்தில் பாதி பிரகாஷ்மீது, பாதி சிவப்பு வட்டத்தின்மீது.

2. செக்லிஸ்ட் பாஸ்

திங்கட்கிழமை போய் ஒரு ஆட்டம் ஆடினேன். பிரகாஷ் இரண்டு டெவலப்பர்களைக் கொடுத்தார். பட்டன், ஸ்லைடர், மெனு என்று ஒன்று விடாமல் பெயர் வைத்தோம். உற்சாகம் தலைக்கேறி, பெயரோடு நிறுத்தாமல் விளக்கமும் சேர்த்தோம். சத்தம் கூடினால் எவ்வளவு கூடியது என்று சொல்லும். பாட்டு ஓடும்போது எத்தனாவது நொடி என்று சொல்லும். பார்வையில்லாதவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று சரிபார்க்கும் அக்சஸிபிலிட்டி செக்லிஸ்டில் எல்லாக் கட்டத்திலும் பச்சை டிக். பிரகாஷ் டீமுக்கு சமோசா வாங்கித்தந்தார்.

நான் மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறவள்போல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சேலையூர் வீட்டுக்குப் போனேன். ஜெயசீலன் ப்ளே அழுத்தினார். பாட்டு தொடங்கியது. கூடவே எங்கள் விளக்கமும் தொடங்கியது. "ட்ராக் ஒன்று, வால்யூம் ஸ்லைடர், எழுபது சதவீதம், கூட்ட மேல் அம்புக்குறியை அழுத்தவும், நான்காவது நொடி, ஐந்தாவது நொடி..." பாடகியின் குரல் அடியில் எங்கேயோ கேட்டது.

பாட்டை நிறுத்திவிட்டு ஜெயசீலன் கொஞ்சம் யோசித்தார். மனம் நோகாமல் சொல்ல வார்த்தை தேடுகிறார் என்று தெரிந்தது.

"அக்கா, கச்சேரியில பக்கத்து சீட்டு மாமா ஒருத்தர், 'இது கல்யாணி, இப்ப ஸ்வரம் பாடப் போறா'ன்னு சொல்லிகிட்டே இருப்பாரே, பாத்திருக்கீங்களா?"

"அவர் நாங்கதானா?"

"வால்யூம் ஏறுச்சுன்னா எனக்கே கேக்குதேக்கா. அதை எதுக்கு வாயால வேற சொல்லணும்? காதுக்குத் தெரியாதது எதுவோ, அதை மட்டும் சொல்லட்டும். அதுவும் நான் கேட்டா சொல்லட்டும்."

பார்க்கிறவர்களுக்குத் திரை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். அவருக்கு இரண்டும் ஒரே காது வழியாகத்தான் போக வேண்டும். ஒன்று பேசினால் இன்னொன்று கேட்காது. இவ்வளவு சாதாரண விஷயம், சமோசா சாப்பிட்ட எங்கள் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை.

ஆபீஸில் பிரகாஷ் முகம் சுருங்கிவிட்டது. "மேடம், செக்லிஸ்ட் ஃபுல்லா பாஸ் ஆயிடுச்சே. மறுபடியும் எதுக்குக் கைய வைக்கணும்?"

"செக்லிஸ்ட் பாஸ். பாட்டு ஃபெயில். நாம விக்கறது எது?"

முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க நாங்கள் செய்தது, பேச வைத்ததை எல்லாம் வாயடைக்க வைத்ததுதான். பாட்டு ஓடும்போது மூச்சு விடாது. நின்ற பிறகு கேட்டால் பதில் சொல்லும்.

3. மாசசூசெட்ஸ் வரை

அந்தப் பள்ளியின் பாடங்களில், எந்த இடத்தில் எந்த ஸ்வரம் வருகிறது என்று மார்க்கர் வைக்க வேண்டும். மார்க்கர் என்பது பாட்டின் நடுவில் வைக்கும் அடையாளக் குறி. மாணவர் அங்கே தாவிப் போய்ப் பாடிப் பார்க்கலாம். ஸ்வரங்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஏற்கெனவே சாஃப்ட்வேரில் போட்டுவைத்திருந்தோம். அந்தச் சனிக்கிழமை ஜெயசீலன் மார்க்கர்களை வரிசையாக வைத்துவிட்டு, சரிபார்க்க ஒவ்வொன்றாகத் தாவினார். ஸ்கிரீன் ரீடர் கணீரென்று படித்தது:

"எஸ் ஏ. ரி. ஜார்ஜியா. மாசசூசெட்ஸ். பென்சில்வேனியா."

பேப்பர் திருத்திக்கொண்டிருந்த ஸ்டெல்லா தலையைத் தூக்கினார்.

"இன்னாங்க இது, பாட்டு கிளாஸா ஜாக்ரஃபி கிளாஸா?"

அப்புறம்தான் புரிந்தது. அந்தக் குரலைச் செய்தவர்கள் அமெரிக்காக்காரர்கள். ஜி, ஏ என்ற இரண்டு எழுத்தைத் தனியாகப் பார்த்தால் அதற்கு அது ஜார்ஜியா மாநிலம். எம், ஏ என்றால் மாசசூசெட்ஸ். நம் ஸப்த ஸ்வரத்தில் மூன்று அமெரிக்காவுக்குக் குடிபோய்விட்டது. வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஜெயசீலன் விரல்விட்டு நாளை எண்ணினார். பரீட்சை அடுத்த வாரம்.

தமிழில் எழுதிப் பார்த்தோம். தமிழ்க் குரல் வந்தது. பாட்டில் வரும் 'க', தங்கத்தில் வரும் க. குரலோ கல்லில் வரும் க என்று அழுத்திச் சொன்னது. செய்தி வாசிக்கிறவர் ஸ்வரம் சொல்வதைப்போல இருந்தது.

"ஜார்ஜியாவுக்கு இது தேவலாம்" என்றார் ஜெயசீலன். ஆனால் முகம் தெளியவில்லை. "இந்த ரெண்டாவது மார்க்கர் தப்பா நிக்குதுன்னு நெனைக்கறேன். இங்க இருக்க வேண்டியது..." என்று சொல்லி, கையை உயர்த்தி அந்தக் காந்தாரத்தைப் பாடினார்.

அவர் 'க' என்று சொல்லவில்லை. பாடினார். பேச்சு வாக்கில்கூட ஸ்வரத்தின் பெயர் அவர் வாயில் ஸ்வரமாகத்தான் வருகிறது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"ஜெயசீலன், மார்க்கருக்கு எதுக்குப் பேரு? அந்த ஸ்வரமே சின்னதா ஒலிச்சா?"

அவர் கை அப்படியே நின்றது. "நான் வெச்ச ஸ்ருதியிலயா?"

"உங்க ஸ்ருதியிலதான்."

"பண்ணுங்கக்கா" என்றார்.

பண்ணுங்க என்று சொல்லிவிட்டார். பிரகாஷ் சொல்ல வேண்டுமே. ரிலீஸ் ஃப்ரீஸ் ஆகியிருந்தது, அதாவது வெளியிடும்வரை யாரும் ஒரு வரிகூட மாற்றக்கூடாது. நான் வாதாடவில்லை. ஹெட்போனை எடுத்து பிரகாஷ் காதில் மாட்டி, மார்க்கர்களை ஓடவிட்டேன். மாசசூசெட்ஸில் அவர் சிரிக்க ஆரம்பித்தார். பென்சில்வேனியாவில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"போதும் மேடம். அவருக்கு மட்டும் தனியா ஒரு டெஸ்ட் வெர்ஷன் குடுத்துடலாம். நல்லா வந்தா அடுத்த ரிலீஸ்ல எல்லாருக்கும்."

நல்ல மனுஷன்தான். சிரிக்க வைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவே.

4. தனியாக

பரீட்சை அன்று நானும் கூட வருகிறேன் என்றேன். என் ஆபீஸும் நாவலூரில்தானே.

"வேணாங்கக்கா. நீங்க பக்கத்துல நின்னா, நீங்கதான் செஞ்சீங்கன்னு நெனைப்பாங்க."

உண்மைதான். ஆட்டோ பிடித்து, தன் லேப்டாப்போடு தனியாகப் போனார். நான் கேன்டீனில் சாம்பார் சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் பிளஸ் டூ ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படித் தவித்ததில்லை.

ஒரு வழியாக அழைப்பு வந்தது.

"என்ன ஆச்சு? கிடைச்சுதா?"

"இருங்கக்கா, மொதல்ல இருந்து சொல்றேன்." இந்தக் கலைஞர்களுக்கு ஒரு விஷயத்தை நேரே சொல்லத் தெரியாது.

பள்ளியை நடத்தும் வசுமதி மேடம் தானே உட்கார்ந்து ஒரு பாடம் பாடினாராம். இவர் பதிவு செய்தார், வெட்டினார், மார்க்கர் வைத்தார். மார்க்கரில் தாவும்போது ஸ்வரங்கள் மெல்லிசாக ஒலிக்க, அந்த அம்மா "இது என்ன, அழகா இருக்கே, இன்னொரு தரம் பண்ணுங்க" என்று கேட்டாராம். எல்லாம் நல்லபடியாக முடிந்து, கடைசியாக எக்ஸ்போர்ட் செய்ய, அதாவது முடித்த பாடத்தைத் தனி ஃபைலாக எடுக்க, பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. ஆரம்பித்ததா, ஓடுகிறதா, முடிந்ததா, ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் வாயடைத்த வேகத்தில் அதன் வாயையும் அடைத்திருந்தோம்.

"உக்காந்தேன், உக்காந்தேன். வேற வழியில்ல. தனியா செய்யறேன்னு வந்துட்டு, கடைசியில, 'மேடம், முடிஞ்சிருச்சான்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க'ன்னு கேட்டுட்டேன்க்கா. வேலை போச்சுன்னே நெனைச்சேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஸ்கிரீனைக் குனிஞ்சு பாத்தாங்க. கண்ணாடியைப் போட்டுகிட்டுப் பாத்தாங்க. அப்புறம், 'எனக்கும் ஒண்ணும் தெரியலையே சார். இந்த சாஃப்ட்வேர்ல தினம் இதே பேஜார்தான். முடிஞ்சுதா இல்லையான்னு நானும் இப்படித்தான் உக்காந்திருப்பேன்'னாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்திருந்தோம்க்கா. உக்காந்த வாக்கிலயே, 'திங்கட்கிழமையிலேர்ந்து வந்துடறீங்களா'ன்னு கேட்டாங்க."

நான் கேன்டீன் என்றும் பார்க்காமல் அழுதேன். பக்கத்து டேபிளில் இருந்த பிரகாஷ் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பார்வையில்லாதவருக்கு உதவி செய்யப் போகிறோம் என்ற நினைப்போடு போகாதீர்கள். அவர் தடுக்கி விழும் இடத்தில் கண்ணுள்ளவரும் தடுக்கித்தான் விழுகிறார். வெளியில் சொல்லாமல் முட்டியைத் தடவிக்கொண்டு போய்விடுகிறார். ஜெயசீலன் ஒருவர்தான் மெயில் போட்டார்.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் இப்போது ஒரு மணி ஒலிக்கிறது. நன்றி சொல்லி முதலில் மெயில் அனுப்பியவர் வசுமதி மேடம்.