பத்மநாபன் சொன்ன கடை

அமெரிக்காவில் எங்கள் பிரிட்ஜ்வாட்டரில் நல்ல மெக்ஸிகன் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் பத்மநாபனின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். மாம்பலத்துக்காரர், மருந்துக் கம்பெனியில் வேலை, சுத்த வெஜிடேரியன். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். ஆனால் மெக்ஸிகன் என்றால் உயிர். ஹைவே ஓரத்துப் பெரிய கடைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"சீஸைக் கொட்டி மூடிட்டா அது மெக்ஸிகனா சார்? அந்த ஊர்க்காரன் ஒருத்தனாவது உள்ள உக்காந்திருக்கானா பாருங்க!"

அவர் தேடும் விதமே தனி. கூரை வேலை செய்யும் மெக்ஸிகோக்காரர்களின் வேன்கள் மத்தியானம் எந்தக் கடை வாசலில் நிற்கின்றன என்று பார்ப்பார். உள்ளே போய் மெனுவைத் தள்ளிவைத்துவிட்டு டார்ட்டில்லா என்கிற அவர்கள் ரொட்டியும் பீன்ஸும் மட்டும் கேட்பார். நம் ஊரில் சட்னியை வைத்தே ஹோட்டலை எடைபோடுவோமே, அதே கணக்குத்தான்.

வருஷக்கணக்கில் இப்படி அலைந்து, ஒரு லாண்டரிக்குப் பின்னால் எல்விரா என்ற மெக்ஸிகோக்கார அம்மாள் நடத்தும் சின்னக் கடையைக் கண்டுபிடித்தார். "இறைச்சி இல்லையே?" என்று அரைகுறை ஸ்பானிஷில் கேட்டார். இல்லை என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான், சனிக்கிழமை பெருமாளைச் சேவித்துவிட்டு எங்கள் கூட்டம் மொத்தமும் நேரே அங்கேதான் போகும். அந்த பீன்ஸின் வாசனைக்கு நானும் அடிமை.

ஒருநாள் சமையலறைக் கதவு திறந்திருந்தது. எல்விரா ஒரு டப்பாவிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளி பீன்ஸ் பானையில் போடுவதைப் பார்த்த பத்மநாபன், வனஸ்பதி என்று நினைத்து ஆசையாக விசாரித்திருக்கிறார். பன்றிக்கொழுப்பு. அந்த அம்மாள் எதையும் ஒளிக்கவில்லை. இவர் இறைச்சி உண்டா என்று கேட்டார், அந்த அம்மாள் இல்லை என்றார். கொழுப்பைப் பற்றி யார் கேட்டது?

அன்று அவர் தனியாகத்தான் போயிருந்தார். 'அந்தக் கடை இப்போ சரியில்ல' என்று சொல்லி மழுப்பியிருந்தால் நாங்களும் நம்பியிருப்போம். அவர் பேச்சுக்கு அத்தனை மரியாதை. உண்மையைச் சொன்னால் போகப்போவதும் அந்த மரியாதைதான். மனிதர் அடுத்த சனிக்கிழமையே கோயில் கான்டீனில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து ஒன்றுவிடாமல் சொன்னார்.

சேனாபதி எங்களில் இளையவன், கொதித்துவிட்டான். "உங்கள நம்பித்தானே சார் எங்கம்மாவ கூட்டிட்டுப் போனேன்? ஏகாதசிக்குத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாங்க அவங்க!"

என் பங்குக்கு நானும் கத்தினேன்.

"தப்பு என்னுதுதான். ஒழுங்கா செக் பண்ணாமயே உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போயிட்டேன்," என்றார் பத்மநாபன். "அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க ஊர்ல அப்படித்தான் சமைப்பாங்க. ஒரிஜினல்தான் வேணும்னு அலைஞ்சவன் நான்." யாரும் சமாதானம் சொல்லவில்லை.

நானாக இருந்தால் மூச்சு விட்டிருக்கமாட்டேன். சத்தியமாக எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.

அப்புறம் வெகுநாள் அவரிடம் யாரும் கடை விசாரிக்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. போன மாசம் பக்கத்து ஊரில் புதிதாக ஒரு மெக்ஸிகன் கடை வந்தது. கோயில் பார்க்கிங்கில் சேனாபதி அவரை வழிமறித்தான். சண்டைதான் என்று பயந்து நான் அவர்களிடம் ஓடினேன்.

"சார், அந்தப் புதுக் கடைய ஒருதடவ போய்ப் பாத்துட்டு வாங்களேன்," என்றான். "நல்லா இருக்குன்னு ஊரே சொல்லுது. எங்கம்மாதான், பத்மநாபன் சொல்லட்டும், அப்புறம் வரேங்கறாங்க."