சேறு படாத கால்

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். இன்று பூதலூர்ப் பக்கம் என் பெயரில் இரண்டு அறுவடை இயந்திரங்கள் ஓடுகின்றன. ஓட்டுகிற பையன்கள் இருவரும் பாலிடெக்னிக் படித்தவர்கள். சம்பளம் என் கையால்தான் வாங்குகிறார்கள். ஆனால் நான் பெருமையடித்துக்கொள்வது இதற்கல்ல. எங்கள் பக்கத்து வானொலி நிலையத்தை என்னளவு கேட்டவர் இந்த ஜில்லாவில் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து சோதித்துப் பார்க்கலாம்.

கச்சேரியும் நாடகமுமாக இருந்த நிலையம் அது. புது நெல் வந்த காலத்தில் விவசாயம் பேசத் தொடங்கியது. அதைக் கேட்டு விதைத்த நெல்லுக்கு எங்கள் ஜனங்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். எந்தக் கல்லூரிக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது? அப்புறம் விளம்பரமும் சினிமாப் பாட்டும் வந்தன. இப்போது எஃப்.எம்.மில் பிள்ளைகள் நாள் முழுக்கச் சிரிக்கிறார்கள். அதையும் விடாமல் கேட்கிறேன்.

நடுவே ஒரு காலம், ஸ்டுடியோவுக்குள் இருந்த மைக் வயலுக்கு வந்தது. விவசாயிகளை அவரவர் ஊரிலேயே பேசவைத்துப் பதிவு செய்து ஒலிபரப்பினார்கள். அந்த மைக் எங்கள் ஊருக்கு வந்தபோது நான் சின்னப் பெண்.

அப்பா பண்ணையாரிடம் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு வாங்கி உழுதுகொண்டிருந்தார். குத்தகைக்காரன் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும், பதிந்தவனைச் சும்மா வெளியேற்ற முடியாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. அப்பா மனுக் கொடுத்தார். பண்ணையாரோ, எல்லாம் சொந்தச் சாகுபடி, இவன் வெறும் கூலியாள் என்று தாசில்தாரிடம் சொல்லிவிட்டார். எங்களிடம் ரசீது இல்லை. அந்தக் காலத்தில் எந்தப் பண்ணையார் ரசீது கொடுத்தார்? சாட்சிக்கு வரவும் ஆளில்லை. விசாரணையில் தோற்றால் அடுத்த நடவுக்கு எங்களுக்கு வயல் கிடையாது.

அந்தச் சமயம்தான் வானொலி வண்டி பண்ணையார் வீட்டுக்கு வழி கேட்டு எங்கள் வயலோரம் நின்றது. இறங்கியவர் வாயைத் திறந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தினமும் சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோவில் கேட்கிற அதே குரல். அம்மா கொடுத்த மோரை எங்கள் சொம்பிலேயே குடித்தார்.

"உங்க பண்ணையார் நல்லாப் பேசுவாரா? சில பேரு மைக்கைப் பாத்தாலே வாயடைச்சுப் போயிடுறாங்க."

"உரம், மருந்துன்னு கேட்டா சட்டுனு முடிச்சிடுவாங்க சார்," என்றார் அப்பா. "அவுங்க வம்சத்துல யாரு கால்லயும் சேறு பட்டதில்ல. அந்தப் பெருமையைக் கேளுங்க. மனசு குளுந்து பேசுவாங்க."

வண்டி நகர்ந்ததும் அம்மா சொன்னாள்: "நம்ம சோத்துல மண்ணப் போடுறவருக்கு நீங்க பல்லக்கு தூக்குங்க."

"வெயில் ஏறுது. நாத்தைப் பிரி," என்றார் அப்பா. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஒலிபரப்பு அன்று பண்ணையார் ஊரையே கூட்டிவிட்டார். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ஒலிபெருக்கி, எல்லோருக்கும் சுண்டல். தவறாமல் கேட்கும்படி தாசில்தார் வீட்டுக்கும் ஆள் அனுப்பியிருந்தார். நீங்கள் வயலில் இறங்குவதுண்டா என்று அந்தக் குரல் கேட்டது.

"நானா? நல்லாக் கேட்டீங்க போங்க," என்றது பெட்டிக்குள்ளிருந்து பண்ணையார் குரல். "எங்க பாட்டனார் காலத்துலேர்ந்து எங்க கால்ல சேறு பட்டதில்ல. உழுறது, நடுறது, அறுக்கிறது எல்லாம் குத்தகைக்காரன் பாடு. எந்த வயல்ல என்ன நெல்லுன்னுகூட எனக்குத் தெரியாது. குத்தகை நெல்லு வீடு தேடி வந்துரும்."

ஊர் தலையாட்டியது. "வெண்கலக் குரலுங்க அய்யாவுக்கு," என்றார் காரியஸ்தர். வெயிலில் காய்கிற என் அப்பாவின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்று எனக்கு அழுகை முட்டியது. அப்பா நிதானமாகச் சுண்டலை மென்றுகொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் வாங்கி வரச் சொன்னார்.

விசாரணைக்கு அப்பா அம்மாவோடு நானும் போனேன். தாசில்தார் காகிதக் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை.

"கால்ல சேறே பட்டதில்லைன்னீங்களே. அப்புறம் எப்படி சார் சொந்தச் சாகுபடி?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"கேக்கச் சொல்லி ஆள் அனுப்புனதே நீங்கதானே."

பண்ணையார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்பாவின் பெயர் பதிவானது. இன்று நான் நிமிர்ந்து நடக்கிற நடையெல்லாம் அந்த ஆறு மாவில் பழகியதுதான்.

திரும்பும் வழியில் அப்பா, "அந்த ரேடியோக்காரர் மறுபடி வந்தா கெட்டித் தயிரா வச்சிருந்து கொடுக்கணும்," என்றார். அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அவருக்கு எதுக்குப்பா தயிரு? தாசில்தாருக்குல்ல கொடுக்கணும்," என்றேன் நான்.

"அவருக்கும் கொடுப்போம்," என்றார் அப்பா.

வீடு வரும்வரை தாசில்தாரின் நியாயத்தைப் பற்றியே நான் பேசிக்கொண்டு வந்தேன். அப்பா குறுக்கிடவில்லை.