பளபளப்புத் தாளும் பட்டுக்கடைக்காரரும்

அச்சுத் தொழிலில் எழுத்துப் பிழையைக்கூட மன்னிப்பார்கள், நிறம் மங்கினால் மன்னிக்க மாட்டார்கள். அதிலும் பட்டு நெய்கிற ஊரில் அச்சகம் வைத்தவன் பாடு அதோகதிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் பழைய ஆஃப்செட் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டு உட்கார்ந்தவன் நான். மெஷினை ஓட்டியவர் சேவூர் முனுசாமி. எங்கள் இருவருக்கும் சோறு போட்டவர் பட்டுச் சேலை வியாபாரி தணிகாசலம். சேலை லேபிள், பெட்டி மேல் ஒட்டும் படம், தீபாவளி கேட்லாக் எல்லாம் அவருடைய வேலைதான். அவர் வரவில்லையென்றால் மெஷின் ஓடாது. அவரோ ஒவ்வொரு முறையும் வாசற்படி இறங்கும்போது, அடுத்த தடவை சிவகாசியில் கொடுத்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போவார். இப்படி ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

துவைத்த சேலை

முதல் கேட்லாக்கைச் சாதாரண மேப்லித்தோ தாளில் அடித்தோம். பள்ளிக்கூட நோட்டுகளில் இருக்குமே, அந்த வெள்ளைத் தாள். பளபளப்புப் பூச்சு எதுவும் அதில் கிடையாது. மை பட்டவுடன் உள்ளே இழுத்துக்கொள்ளும். நிறத்தில் பாதி தாளுக்குள் இறங்கிவிட, மேலே தெரிவது மிச்சம் மீதிதான். அரக்கு நிறச் சேலை செங்கல் நிறத்தில் வந்தது. ஜரிகையைப் பார்த்தால் சாம்பார் சிந்தியது போல இருந்தது.

முனுசாமி மையைக் கூட்டிப் பார்த்தார். மைப்புள்ளிகள் பரவி ஒன்றோடு ஒன்று கலந்து, முந்தானையில் இருந்த மயில் கோழியாகிவிட்டது. தணிகாசலம் கடையிலிருந்து அந்தச் சேலையையே எடுத்து வந்து தாளுக்குப் பக்கத்தில் விரித்தார். சத்தம் போடுவார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்:

"சேலைய தொவச்சி காயப் போட்டுட்டு, அப்பறமா போட்டோ புடிச்சீங்களா?"

மாவு விவகாரம்

அடுத்த தீபாவளிக்கு ஆர்ட் பேப்பர். வெள்ளைக் களிமண்ணையும் சுண்ணாம்புத் தூளையும் பசையில் குழைத்துத் தாளின் மேல் மெல்லிசாகப் பூசி, அழுத்தித் தேய்த்து மெருகு ஏற்றியிருப்பார்கள். மை உள்ளே இறங்காமல் அந்தப் பூச்சின் மேலேயே நிற்கும். அரக்கு அரக்காகவே வந்தது, மயிலும் மயிலாகவே வந்தது. என் சந்தோஷம் அன்று சாயங்காலம் வரை தாங்கியது.

மேலேயே நிற்கிற மை சீக்கிரம் காயாது என்பதை ஐப்பசி மழை வந்து சொல்லிக் கொடுத்தது. தணிகாசலம் மெஷின் பக்கத்திலேயே நின்று ஜல்தி ஜல்தி என்று விரட்டினார். நாங்களும் அவசரமாக அடுக்கினோம். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு தாளின் முதுகிலும் கீழே இருந்த சேலையின் நிறம் அப்பியிருந்தது. இதற்கென்றே மெல்லிய மாவு ஒன்று உண்டு. அச்சான தாள்களின் மேல் தூவினால் ஒட்டாது. மறுபடி அடித்தபோது முனுசாமி அதைத் தாராளமாகவே தூவினார். தணிகாசலம் கேட்லாக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, பட்டுக்கடைப் புத்தகம் உப்புத்தாள் மாதிரி இருக்கலாமா என்று குதித்தார். அவர் போனதும் முனுசாமி என் பக்கம் திரும்பினார்:

"மாவு போட்டா சொரசொரன்னு கீதுன்றாரு, போடலன்னா ஒட்டிக்கிச்சின்றாரு. நான் இன்னாதான் பண்றது மொதலாளி?"

முந்தானையில் முத்திரை

பளபளப்பின் ருசி கண்டவர் சும்மா இருப்பாரா? சேலையில் கட்டித் தொங்கவிடும் லேபிளும் இரண்டு பக்கமும் மின்ன வேண்டும் என்றார். அடித்துக் கொடுத்தோம். கண்ணைப் பறித்தது. ஆனால் அந்த லேபிளின் பின்பக்கம் கடைக்காரர்கள் சேலை நம்பரை ரப்பர் ஸ்டாம்பால் குத்துவார்கள். சாதாரண அட்டையில் அந்த மை குத்தின உடனே காய்ந்துவிடும். இந்தப் பூச்சின் மேல் அது ஈரம் மாறாமல் அப்படியே நின்றது.

குத்திய கையோடு சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். வந்தவாசியிலிருந்து கல்யாணச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பெண்ணுக்குப் பிடித்த சேலையைப் பிரித்தால், முந்தானையில் நீல நிறத்தில் நம்பர் இடவலம் மாறி விழுந்திருக்கிறது. ஒரு நெசவாளி நாள்கணக்கில் தறியில் உட்கார்ந்து நெய்த சேலை அது. தணிகாசலம் அதைக் கொண்டுவந்து என் மேஜை மேல் போட்டபோது எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அவருக்கும் அன்று கத்தத் தெம்பில்லை.

"லேபிள்தாங்க அடிக்கச் சொன்னேன். சேலைல அடிக்கச் சொல்லலியே."

மாப்பிள்ளை பெயர்

இத்தனைக்குப் பிறகும், இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச நாளில், தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை எங்களிடமே கொடுத்தார். மைத்துனர் சிவகாசி என்றாராம், இவர்தான் பிடிவாதமாக இங்கே வந்தாராம். இதிலும் ஏதாவது ஆனால் ஜென்மத்துக்கும் இந்தப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் மேட்டரைக் கொடுத்தார். பூச்சு அட்டையில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மாவைப் பட்டும் படாமல் தூவி, துணியால் துடைத்துக் கொடுத்தோம். என் தொழிலில் அதைவிடச் சுத்தமாக எதையும் அடித்ததில்லை. முனுசாமிகூட ஒரு பத்திரிகையை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

எங்கள் பக்கம் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவாமல் பத்திரிகை வீட்டை விட்டுப் போகாது. சொந்தக்காரப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சாமி அறையில் வைத்திருக்கிறார்கள். பழைய தாளென்றால் ஈரத்தைக் குடித்துவிடும். இது குடிக்கவில்லை. தண்ணீர் பட்டதும் பூச்சில் இருந்த பசை இளகி, அட்டைகள் ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொண்டன. காலையில் பார்த்தால் மொத்தமும் ஒரே பலகை. குலதெய்வத்துக்கு வைக்கும் முதல் பத்திரிகையைப் பிய்த்து எடுத்ததில், கீழ் மூலையில் மஞ்சள் தடவிய இடத்தோடு மாப்பிள்ளை பெயரும் உரிந்து வந்துவிட்டது. அபசகுனம் என்று தன் மனைவி அழுதுகொண்டே இருப்பதாகத் தணிகாசலம் வந்து சொன்னார்.

அன்றைக்கே பூச்சில்லாத கெட்டித் தாளில் மறுபடி அடித்தோம். இந்த முறை நானே மஞ்சள் குழைத்துத் தடவி, அடுக்கி, பிரித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. ஆனால் பிள்ளையாரின் தங்க நிறம் காவியேறிப் போயிருந்தது. தணிகாசலம் வந்து, கட்டை விரலை நாக்கில் தொட்டு மாப்பிள்ளை பெயரின் மேல் அழுத்தித் தேய்த்தார். பிறகு விரலைப் பார்த்தார்.

"டல்லாத்தான் கீது. ஆனா மாப்பிள்ள பேரு அப்டியே கீது."

சிவகாசி

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. தீபாவளி நெருங்கியும் கேட்லாக் பேச்சே இல்லை. அதைச் சிவகாசியில் கொடுத்துவிட்டார் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். முனுசாமி மெஷினைத் துடைத்துத் துணி போட்டு மூடிவிட்டு, பவர்லூமில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெஷினை விற்றுவிடலாம் என்று நானும் போளூரில் ஒருவரிடம் பேசி வைத்தேன்.

ஒரு நாள் காலை தணிகாசலம் படியேறி வந்து, சிவகாசி கேட்லாக்கை என் முன்னால் வைத்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒட்டல் இல்லை, சொரசொரப்பும் இல்லை. அரக்கு மட்டும் ஒரு நூல் கத்தரிப்பூ பக்கம் சாய்ந்திருந்தது. அது அவர் கண்ணில் படாமல் இருக்குமா? போன் போட்டுச் சொன்னாராம். எடுத்த பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மேலே சொல்லிவிடுவதாகச் சொன்னாளாம். அதோடு சரி. அடுத்த வருஷ வேலை இனி இங்கேதான் என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு நன்றாக அடித்துக் கொடுத்தவர்களை எதற்கு விட வேண்டும் என்று என் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டது.

"அவன திட்டணும்னா பஸ் புடிச்சி போவணும்ங்க. உங்களன்னா டீ குடிச்சிகினே திட்டலாம்."

களிமண், சுண்ணாம்பு, பசை, மாவு என்று இத்தனை வருடம் மாரடித்த பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் அச்சகம் பிழைத்தது அச்சின் தரத்தால் இல்லை, திட்டு வாங்கத் தோதான தூரத்தில் இருந்ததால்தான் என்பதே.