பொறிக்குப் படைத்த பொங்கல்

என் தமையனாரின் ஈமக்கடனுக்கு வந்திருந்த உறவினர் சிலர், "பெரியவரு காட்டுல இருந்தவங்களுக்குச் சோறு கொண்டு போயி மாட்டுனவரு" என்று பேசிக்கொண்டதைக் கேட்டேன். பேரப்பிள்ளைகள் அதைப் பெருமையாகவே நம்புகின்றனர். நடந்தது வேறு. நேரில் கண்டவருள் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஆதலின் இதனை எழுதிவைத்தல் என் கடமையாயிற்று.

மலாயாவின் சுங்கை புரோங்கில் பிறந்த தமையனார், தந்தையார் மறைந்தபின் அன்னையாரையும் என்னையும் அழைத்துக்கொண்டு சிலாங்கூர் ஆற்றங்கரைத் தோட்டமொன்றிற் குடியேறினார். ஆற்று நீரைத் தொழிலாளர் குடியிருப்பான லயங்களுக்கு ஏற்றும் பொறியை இயக்கும் பணி அவருக்கு வாய்த்தது. "அவளுக்கு இன்னிக்கு இருமல்" என்று அதன் ஓசையைப் பற்றிக் கவலையோடு சொல்வார். அன்னையாரோ, "இவனுக்குப் பொண்ணு பார்க்க வேணாம், அவளையே கட்டிக்கிட்டான்" என்பார்.

காட்டிலிருந்து ஆங்கில அரசை எதிர்த்துப் போராடிய பொதுவுடைமையினர்க்கு உணவு எட்டாதிருக்க, அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது. பொறி இருந்த பம்பு வீடு வேலிக்கு வெளியே நின்றது. ஒரு பிடி சோறும் வாயிலைத் தாண்டலாகாது என்பது கட்டளை. மீறினால் நாடு கடத்துவர் என்ற அச்சம் எங்கும் நிலவியது.

ஓர் ஆயுத பூசையன்று காலை, கருவிப்பெட்டிக்குள் சருக்கரைப் பொங்கலை வைத்துச் சென்ற தமையனாரை வாயிற்காவலர் நிறுத்தினார். அவர் எங்களோடு பழகித் தமிழ் கற்ற மலாய்க்காரர்; அவரை 'அபாங்', அதாவது அண்ணன் என்றே அழைப்போம்.

"இந்தச் சோறு யாருக்கு?"

"எஞ்சினுக்கு, அபாங்."

"எஞ்சினுக்கு வாய் இல்லைலா. யார் சாப்பிடுவான்?"

"படைச்சிட்டு நான்தான் சாப்பிடுவேன்."

"அப்ப இங்கேயே சாப்பிடு."

"படைக்காம எப்படி அபாங் வாயில வைக்கிறது?"

ஒரு வாய் உண்டிருந்தால் விடுத்திருப்பர். அவர் உண்ணவில்லை; காவற்கொட்டிலில் அமர்த்தினர். லயத்துத் தொட்டி வறண்டது. பெண்கள் வெறும் வாளிகளோடு வாயிலிற் கூடினர். "கப்பல் ஏத்திடுவாங்கடா, தின்னு தொலை" என்று தோட்டத்துக் கணக்கரான கிராணியார் கெஞ்சினார். அன்னையார் அழுதார். அதைக் கண்ட தமையனார் மெல்லச் சொன்னார்: "சோறு வெளியே போகக் கூடாது, சரி அபாங். சாமி உள்ளே வரலாம்தானே?"

வாயிலை மற்றொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காவலர் அவரைப் பம்பு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். முந்தைய மாலையே சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டியிருந்த பொறியைக் கண்டதும் காவலரின் ஐயம் நீங்கிற்று. பொறியை முடுக்கும் இரும்புக் கைப்பிடியைத் தோளிற் சுமந்து திரும்பிய தமையனார், வேலிக்குள் அக்கைப்பிடியை நிறுத்தி, அதன்முன் வாழையிலை விரித்துப் பொங்கலைப் படைத்தார். பின்னர் இலையை வழித்துண்டார்.

"சாமி சும்மா பார்க்குது, நீ மட்டும் சாப்பிடுறலா" என்று காவலர் நகைத்தார்.

கைப்பிடியோடு தமையனார் பம்பு வீடு திரும்பிய சிறிது பொழுதில் லயங்களுக்கு நீர் வந்தது. வேலி அகற்றப்படும் வரை ஆண்டுதோறும் அக்கைப்பிடியே பூசைக்கு உள்ளே வந்து சென்றது.

இறுதி ஆண்டுகளில் தமையனாரைத் தம் இல்லத்திற் பேணிய மகளுக்கும் மருமகனாருக்கும், ஈமக்கடனில் துணைநின்ற அண்டை வீட்டார்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

படைத்தது பொங்கல் அல்ல, சுண்டலே என்பார் அண்ணியார். அக்காவலரின் பெயரும் என் நினைவில் இல்லை. அன்று வாயிலில் நின்றோரோ அவர்தம் மக்களோ இவற்றிற் பிழை கண்டால் திருத்தியருளுக. என் தமையனார் அந்த உணவை யாருக்குக் கொண்டுசென்றார் என்பதை மட்டும் இனி எவரும் மாற்றிச் சொல்லற்க.