மூளையில் நட்ட நாற்று

வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதியைப் படிக்காமல் எதிலும் கையெழுத்திட்டதில்லை. பார்க்கின்சன் நோயால் கைகால் இறுகிப்போன என் மனைவி சரோஜாவை, ஸ்டெம் செல் சிகிச்சைக்காகத் திருவாரூரிலிருந்து வெளியூர் தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் சுவரில் மாட்டியிருந்தன. அத்தனையையும் படித்துத் திருப்தி அடைந்தேன். அந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டா என்று மட்டும் கேட்கவில்லை.

“நாத்து நடுற மாதிரிதாங்க சார். செத்த செல்லுக்குப் பதிலா புதுசு வேர் புடிச்சுக்கும்” என்றார் டாக்டர். டெல்டாக்காரனை மடக்க வேறென்ன வேண்டும்?

சரோஜா குழறலாகச் சொன்னாள்: “மொதல்ல இருந்த பயிர் ஏன் செத்துச்சுன்னு கேளுங்க. அதே வயல்லதானே நடப்போறாங்க?”

“நீ சும்மா இரு” என்றேன்.

ஸ்டெம் செல்லை முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டார்கள். ஊர் திரும்பியதும், ஊசி வழியே புகுந்த கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்தது. தஞ்சாவூர் மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள், பேச்சு திரும்பவில்லை. “பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சியிலதான் சார் இருக்கு” என்றார்கள்.

தங்கள் வீட்டு நோயாளிக்காக அந்தச் சிகிச்சையைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களிடம் இதைச் சொல்கிறேன். தலையாட்டிவிட்டு, அதே மருத்துவமனைக்குப் போக ரயிலுக்கு முன்பதிவு செய்யப் போகிறார்கள். நான் இப்போது எந்த மாத்திரையையும் சரோஜாவைக் கேட்காமல் மாற்றுவதில்லை. பதில் வராது என்று தெரிந்தும் சற்று நேரம் காத்திருக்கிறேன்.