பென்சில் குறி போட்ட இடத்தில்

வாசிக்காமல் நான் கையெழுத்துப் போட்டது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். அந்தக் காகிதங்களைத் தயாரித்தவர்கள் என் மனைவியும் மகளும்.

கல்வித்துறை அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். மாற்றுச் சான்று, பெயர்த் திருத்தம், பிறந்த தேதித் திருத்தம், எதுவானாலும் எந்தப் படிவத்தில் எந்த இணைப்பு விட்டுப்போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தஞ்சாவூரில் எங்கள் தெருக்காரர்கள் அலுவலகத்துக்குப் போகும் முன் என் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போவார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள், பத்தாம் வகுப்பு முடிந்ததும் அதே மாதிரி வந்து எதிரில் நின்றாள்.

"அப்பா, ப்ளஸ் ஒன் இங்க வேண்டாம்ப்பா. சென்னைக்குப் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல இன்டர்நேஷனல் டிப்ளமா இருக்கு. ரெண்டு வருஷம், ஹாஸ்டல். டெஸ்ட்ல செலக்ட் ஆனா செலவு முழுக்க அவங்களே பாத்துக்குவாங்க."

"சரிம்மா, பாப்போம்."

அன்றைக்கே ஒரு கோப்பு திறந்தேன். பழுப்பு அட்டை, மூலையில் துளை, பச்சைக் கயிறு. பள்ளியின் கையேட்டை அச்செடுத்து வரிக்கு வரி படித்தேன். ஆறு பாடங்கள்; அவற்றில் மூன்று கடினமான நிலையில். நாலாயிரம் வார்த்தையில் ஓர் ஆய்வுக் கட்டுரை. விளையாட்டும் சமூக சேவையும் கட்டாயம். இவை போதாதென்று, நமக்குத் தெரிந்தது நமக்கு எப்படித் தெரியும் என்று விசாரிக்க ஒரு தனிப் பாடம். என் பணிக்காலத்தில் அதை விசாரித்திருந்தால் பாதி அலுவலகம் வீட்டுக்குப் போயிருக்கும்.

கோப்பில் குறிப்புகள் எழுதினேன். இந்த டிப்ளமாவின் முடிவுகள் ஜூலையில் வரும். இங்கே கல்லூரிச் சேர்க்கை அதற்குள் தொடங்கிவிடும். நம் ப்ளஸ் டூவுக்கு இது சமம் என்று தனியாகச் சான்று வாங்க வேண்டும். மருத்துவம் படிக்க ஆசை வந்தால் பாடத் தேர்வு இடிக்கும். எல்லாம் உண்மையான ஆட்சேபனைகள்தான். ஆனால் ஒன்றுகூட அவளைத் தடுக்கப் போதாது என்பதும் எனக்குத் தெரியும். கோப்பில் எழுதாத ஆட்சேபனை ஒன்று இருந்தது. அவள் இல்லாத வீட்டில் எனக்கு என்ன வேலை?

ஒரு மனுவை நிராகரிப்பது தொல்லை. காரணம் எழுத வேண்டும், மேல்முறையீடு வரும். நிலுவையில் வைத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. கடைசித் தேதி தாண்டியதும் மனு தானாக முடிந்துவிடும், யார் கையிலும் கறை படியாது. சேர்க்கைக்கு ஜூன் கடைசி நாள்தான் கெடு. அதை நான் காலண்டரில் குறித்து வைக்கவில்லை. குறித்தால் தடயம் ஆகிவிடும்.

வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாள்.

"என்னப்பா ஆச்சு?"

"இன்னும் ஒரு விவரம் வரணும்மா."

"யார்கிட்டேருந்துப்பா?"

"கேட்டிருக்கேன்."

யாரிடமும் கேட்கவில்லை. மே மாதத்தின் பாதிக்கு மேல் அவள் கேட்பதையும் நிறுத்திவிட்டாள். ஆசை வடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த வாரம் அவளுக்குப் பிடித்த அல்வாகூட வாங்கி வந்தேன்.

இந்த இடத்தில் என் பழைய பெருமை ஒன்றைச் சொல்ல வேண்டும். முரண்டு பிடிக்கும் அதிகாரியிடம் கையெழுத்து வாங்க எங்களிடம் ஒரு வழி இருந்தது. சிக்கலான காகிதத்தைச் சாதுவான காகிதங்களுக்கு நடுவில் செருகுவோம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாக டிக் போடுவோம். மத்தியானம் ஒன்றுக்குக் கால் மணி முன்பு, பசி வயிற்றைக் கிள்ளும் நேரம் பார்த்துக் கொண்டுபோய் வைப்போம். அதிகாரியின் கண் டிக்கை மட்டும் பார்க்கும். கை தானாக ஓடும். சாப்பிடும்போது இதை நடித்துக் காட்டியிருக்கிறேன், எத்தனையோ முறை. மகள் புரையேறும் வரை சிரிப்பாள்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டிய வாரம். நாகப்பட்டினம் பக்கம் கடைமடையில் என் மைத்துனருக்கு வயல். அதில் என் மனைவிக்கும் பங்கு உண்டு. அவருக்குச் சிட்டா நகல் தேவைப்பட்டது. மனைவி நான்கு காகிதங்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மேலே சிட்டா மனு. அடியில் கேஸ் இணைப்புப் படிவம். சமையலறையிலிருந்து வத்தக்குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தாளிலும் பென்சில் டிக்.

"பரவால்லையே, முப்பது வருஷத்துல தேறிட்டியே!"

"உங்ககூட குடும்பம் நடத்திட்டு இதுகூட வரலைன்னா எப்படிங்க? சீக்கிரம் போடுங்க, சோறு ஆறுது."

நான்கையும் ஒரே மூச்சில் போட்டேன். எப்போதும் போல் கையெழுத்துக்குக் கீழே இரண்டு புள்ளிகளும் வைத்தேன்.

பத்து நாள் கழித்து மகளுடைய பள்ளியின் தலைமையாசிரியை போன் செய்தார். ஒரு காலத்தில் என் பிரிவுக்குக் கோப்போடு வந்து நின்றவர்.

"சார், பாப்பா டி.சி. ரெடி. ரிஜிஸ்டர்ல நீங்க நேர்ல வந்து ஒரு கையெழுத்துப் போடணும். ரூல்ஸ் உங்களுக்கே தெரியும்."

எந்த டி.சி. என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன். தனக்குத் தெரியாது என்பதைக் காட்டிக்கொள்ளாதவன்தான் கண்காணிப்பாளர். "வர்றேம்மா" என்றேன்.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"பாப்பா டெஸ்ட் எழுதி செலக்ட் ஆயிட்டா. நீங்க பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குப் போனீங்களே, அன்னிக்குத்தான் ஆன்லைன்ல எழுதினா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா பாப்போம்னு சொல்வீங்க."

பிறகு உள்ளே போய் சேர்க்கைப் படிவத்தின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் போட்ட நான்கில் ஒன்று அது, இன்னொன்று டி.சி. கேட்டு மனு. நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளிலேயே மகளின் ஆங்கிலக் கட்டுரையும் இருந்தது. நீங்கள் நெருங்கிக் கவனித்த ஒரு செயல்முறையை விவரிக்கவும் என்பது கேள்வி. மற்ற பிள்ளைகள் நெல் அவிப்பதைப் பற்றியோ பட்டுப்பூச்சியைப் பற்றியோ எழுதியிருப்பார்கள். என் மகள் என்னைப் பற்றி எழுதியிருந்தாள்.

'என் அப்பா எனக்கு எதையும் மறுத்ததில்லை. மறுத்தால் நான் சண்டை போடலாம். அவர் கடைசித் தேதி தாண்டும் வரை காத்திருப்பார். பள்ளிச் சுற்றுலா, நீச்சல் வகுப்பு, சென்னையில் நடந்த அறிவியல் முகாம், எல்லாம் அப்படித்தான் முடிந்தன. அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். ஆற்றில் தண்ணீர் விட்டாயிற்று என்று அறிவிப்பவர்களும் பொய் சொல்வதில்லை. கடைமடையில் இருக்கும் என் மாமாவின் வயலுக்கு அது வந்து சேராது, அவ்வளவுதான்.'

அதற்குக் கீழே பெற்றோரின் உறுதிமொழி. இந்தக் கட்டுரையை நான் முழுமையாகப் படித்துப் பார்த்தேன், இது என் பிள்ளை பிறர் உதவியின்றி எழுதியது என்று உறுதியளிக்கிறேன். என் கையெழுத்து. இரண்டு புள்ளிகள்.

மூன்று முறை படித்தேன். பிழை திருத்தவாவது ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். ஓர் இடத்தில் கமா ஒன்று அதிகம்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். மகள் என்னோடு வண்டியில் வரவில்லை. சைக்கிளில் முன்னாலேயே வந்து அறிவிப்புப் பலகையடியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பலகையைப் படித்தாள். போன வருடத்து அறிவிப்புகள்.

எனக்கு வழி தெரியாமல் இல்லை. பெற்றோர் எழுத்தில் ஆட்சேபித்தால் டி.சி. நின்றுவிடும். 'விவரம் அறியாமல் கையொப்பமிட்ட மனுவைத் திரும்பப் பெறுகிறேன்.' ஒரே வாக்கியம். கெடுவுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பையில் வெள்ளைத்தாள்கூடக் கொண்டுபோயிருந்தேன்.

தலைமையாசிரியை எழுந்து நின்று வரவேற்று, பக்கத்தில் இருந்த எழுத்தரிடம் என்னைக் காட்டினார்.

"இவங்க யார் தெரியுதா? ஒரு வரி படிக்காம கையெழுத்துப் போட மாட்டாங்க. எத்தனை தடவை என் ஃபைலைத் திருப்பி அனுப்பியிருக்காங்க! சார் கையெழுத்து இருந்துச்சு, நான் மனுவைப் படிக்கவே இல்ல."

அந்த அம்மாள் முன்னால், படிக்காமல் போட்டுவிட்டேன் என்று எப்படி எழுதிக் கொடுப்பது? வெள்ளைத்தாள் பையிலேயே இருந்தது. பெருந்தன்மை என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம்.

பதிவேட்டைத் திருப்பி வைத்தார்கள். இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்தேன். பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், பள்ளியை விட்டு விலகும் நாள். மாணவியின் நடத்தை: மிக நன்று. அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்து டி.சி.யை அவள் கையில் கொடுத்தேன். தேதியைச் சரிபார்த்து, மடிக்காமல் பையில் வைத்தாள்.

"கோவமாப்பா?"

என்ன சொல்வது என்று யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், நாள் கடத்துவதற்காக இல்லை. நான் வாயெடுப்பதற்குள் அவள் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு ஏறிவிட்டாள். கேட் தாண்டித் திரும்பும்போதும் பார்க்கவில்லை. பதினைந்து வருடம் என் பதிலுக்காகக் காத்து நின்ற பெண்.